ஜான் கோக்: பெரிய சர்வர்களைச் சுருக்கமாக யோசிக்க வைத்தவர்

கைத்தொலைபேசியில் நண்பருக்குப் பணம் அனுப்புறீங்க. இரண்டு வினாடியில் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குள் எங்கோ ஒரு குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கும் சர்வர் உங்கள் கணக்கைத் திறந்து, கழித்து, இன்னொரு கணக்கில் கூட்டி, எழுதிவைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டது.

உலகின் பல வங்கிகளில் இந்த வேலையில் ஒரு பங்கை ஐபிஎம்மின் பவர் வகைச் சர்வர்கள் செய்கின்றன. உங்கள் கையில் இருக்கும் தொலைபேசியில் இருப்பது ஏறக்குறைய நிச்சயமாக ஆர்ம் வகைச் சில்லு. இரண்டையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாடுகளில் உருவாக்கினார்கள். ஆனால் இரண்டின் வம்சத்தையும் பின்னால் தேடிக்கொண்டே போனால் 1970களில் நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸ் என்ற சிற்றூரில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் போய் நிற்பீர்கள். அங்கே தன் அறையில் அகப்படாமல் நடைபாதையில் யாரோடாவது பேசிக்கொண்டே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர் ஜான் கோக்.

அவரைப் பற்றிக் கணினித் துறைக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. ஸ்டீவ் ஜாப்ஸ் மாதிரி மேடையில் நின்றவர் இல்லை. சொந்தமாக நிறுவனம் தொடங்கவில்லை. எழுதியதுகூடக் குறைவுதான். 36 ஆண்டு ஒரே நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அந்தச் சம்பளக் காசோலைகளையும் வங்கியில் போட மறந்து மேசை இழுப்பறையிலேயே விட்டுவைப்பார் என்று உடன் வேலை செய்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

மின்சாரக் குடும்பத்துப் பிள்ளை

கோக் பிறந்தது 1925 மே 30, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஷார்லட் நகரில். அப்பா நார்மன் கோக், டியூக் மின்சார நிறுவனத்தின் தலைவர் பதவி வரை உயர்ந்தவர். ஷார்லட்டுக்குப் பக்கத்தில் அந்த நிறுவனம் அணை கட்டி உருவாக்கிய பெரிய ஏரிக்கு அவருடைய பெயர்தான். இன்றைக்கும் அது லேக் நார்மன்.

மகன் படித்தது டியூக் பல்கலைக்கழகத்தில். 1946ல் இயந்திரப் பொறியியல் பட்டம். இடையில் கடற்படையிலும் இருந்தார். பிறகு அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவந்து 1956ல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு ஐபிஎம்மில் சேர்ந்தார். இயந்திரம், கணிதம் இரண்டும் கலந்த இந்தப் பின்னணி பின்னாளில் ரொம்ப முக்கியமாகப் போகிறது. கணினியின் வன்பொருளைச் செய்பவர்கள் ஒரு பக்கம், மென்பொருளை எழுதுபவர்கள் இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடந்த காலத்தில் இவர் இரண்டு பக்கமும் சர்வசாதாரணமாகப் போய்வந்தார்.

முதல் பெரிய கணினி, முதல் பெரிய அடி

சேர்ந்ததும் கிடைத்தது ஸ்ட்ரெச் திட்டம். ஐபிஎம் 704 என்ற அப்போதைய கணினியைவிட நூறு மடங்கு வேகமான ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது குறிக்கோள். கோக்கும் ஹார்வுட் கோல்ஸ்கியும் சேர்ந்து அந்தக் கணினி எப்படி ஓடும் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு சிமுலேட்டர் எழுதினார்கள். ஒரு கணினியைக் கட்டுவதற்கு முன்னால் அதை இன்னொரு கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது இன்று எல்லாரும் செய்வது. 1950களில் அது புதுசு.

1961ல் முதல் ஸ்ட்ரெச் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. உலகிலேயே வேகமான கணினி அதுதான். ஆனால் நூறு மடங்கு வேகம் வரவில்லை. ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் விலையை 13.5 மில்லியன் டாலரிலிருந்து 7.78 மில்லியனுக்குக் குறைத்து, புதிய விற்பனையையும் நிறுத்திவிட்டார். அதில் பிறந்த பல உத்திகள் பிற்கால ஐபிஎம் கணினிகளில் வந்தன. ஆனாலும் அந்த நேரத்தில் அதற்குத் தோல்வி என்றே பெயர்.

1960களின் நடுவில் இன்னொரு முயற்சி: கலிஃபோர்னியாவில் ஏசிஎஸ் என்ற அதிவேகக் கணினித் திட்டம். கோக் அதன் மூளைகளில் ஒருவர். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆணைகளை எடுத்து ஓட்டும் செயலி அங்கே காகிதத்தில் உருவானது. காத்திருக்கும் ஆணைகளில் எது தயாரோ அதை முன்னால் அனுப்பும் வழியை லின் கான்வே என்ற இளம் பொறியாளர் கண்டுபிடித்தார். இன்றைய வேகமான செயலிகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இதைச் செய்கின்றன.

1969ல் ஐபிஎம் அந்தத் திட்டத்தையும் மூடியது. லின் கான்வே அதற்கு முன்னாலேயே வெளியே போய்விட்டார். பெண்ணாக மாறும் தம் முடிவைச் சொன்னதற்காக 1968ல் ஐபிஎம் அவரை வேலைநீக்கம் செய்திருந்தது. அதற்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020ல்! இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. கார்வர் மீட் என்பவரோடு சேர்ந்து, மாணவர்களே சில்லு வடிவமைக்கக்கூடிய முறையை உருவாக்கினார். அந்த முறை இந்தக் கதைக்குள் திரும்ப வரும்.

கம்பைலர் என்கிற மொழிபெயர்ப்பாளர்

இரண்டு கணினிகள் தோற்ற பிறகும் கோக்கிடம் ஒன்று மிஞ்சியது. ஃபிரான் ஆலன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்காகத் துருவிய கம்பைலர் அறிவு.

நீங்க சி++ல் ஒரு நிரல் எழுதியிருந்தால் கம்பைலர் எது என்று தெரிந்திருக்கும். மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தருவது அதுதான். நல்ல மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் மாற்றமாட்டார், இல்லையா? கோக்கும் ஆலனும் கேட்டது அதைத்தான். நிரலில் ஒரே பெருக்கலை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் எதற்கு இரண்டு தடவை செய்ய வேண்டும்? ஒரு வளையம் ஆயிரம் தடவை சுற்றுகிறது, அதற்குள் மாறாத ஒரு கணக்கு இருக்கிறது என்றால் அதை வெளியே தூக்கிவைத்து ஒரே தடவை செய்தால் போதாதா? ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை நான்கால் பெருக்குவதைவிட, போன சுற்றின் விடையோடு நான்கைக் கூட்டினால் வேலை சுலபமாகுமே. யாருக்கும் பயன்படாத கணக்கைத் தூக்கியே எறிந்துவிடலாம்.

இப்படிப்பட்ட மாற்றங்களைத் தொகுத்து, எப்போது செய்யலாம், எப்போது செய்தால் விடை தப்பாகும் என்று கணித ரீதியாக ஒழுங்குபடுத்தியது இவர்களின் பெரிய சாதனை. நீங்கள் இன்று பயன்படுத்தும் எந்தக் கம்பைலரிலும் இந்த உத்திகள் இருக்கின்றன. ஃபிரான் ஆலனுக்கு 2006ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

இன்னொரு அழகான யோசனையும் இருக்கிறது. செயலிக்குள் ரிஜிஸ்டர் என்ற மிக வேகமான சேமிப்பிடங்கள் கொஞ்சம்தான் இருக்கும். எந்த எண்ணை எதில் வைப்பது? வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் தீட்டுவோமே, அதே கணக்குதான் இது என்று கோக் பார்த்தார். ஒரே நேரத்தில் தேவைப்படும் இரண்டு எண்கள் பக்கத்து நாடுகள், ரிஜிஸ்டர்கள்தான் நிறங்கள். இதை ஓடக்கூடிய வழியாக மாற்றிக் காட்டியவர் ஐபிஎம்மின் கிரெகரி சைட்டின்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லியன் அழைப்புகள்

1974. ஐபிஎம்மில் தொலைபேசி இணைப்பகத்துக்கான ஒரு கட்டுப்பாட்டுக் கணினியைப் பற்றி ஆராய்ந்தார்கள். மணிக்கு ஒரு மில்லியன் அழைப்புகளைச் சமாளிக்க வேண்டும். வினாடிக்குச் சுமார் 300. ஒவ்வோர் அழைப்புக்கும் ஏறக்குறைய 20,000 ஆணைகள். பெருக்கிப் பாருங்க, வினாடிக்கு 6 மில்லியன் ஆணைகள் வருகிறது. இடையூறுகளுக்கும் மற்ற வேலைகளுக்கும் இடம் விட்டால் 12 மில்லியன் தேவை. அன்றைய ஐபிஎம்மின் பெரிய வணிகக் கணினிகளே இதற்குப் பல மடங்கு குறைவான வேகத்தில்தான் ஓடின.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வரும்? இந்த இடத்தில்தான் கோக்கின் குழு ஒரு சங்கடமான உண்மையோடு மோதியது.

அந்தக் காலக் கணினிகளில் ஆணைகளின் பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. நினைவகத்திலிருந்து எடுத்து, கணக்குப் போட்டு, திரும்ப எழுதி, எல்லாவற்றையும் ஒரே ஆணையில் செய்யும் அளவுக்குச் சிக்கலான ஆணைகள். அவற்றைச் செயலி நேரடியாகச் செய்வதில்லை. உள்ளே மைக்ரோகோட் என்ற குட்டி நிரல் ஒன்று அதைப் படிப்படியாகப் பிரித்துச் செய்யும். ஆனால் நிஜமான நிரல்கள் ஓடுவதைப் பதிவுசெய்து எண்ணிப் பார்த்தால், பெரும்பாலான நேரம் ஓடுவது சாதாரண ஆணைகள்தான். எடு, வை, கூட்டு, ஒப்பிடு, தாவு. அவ்ளோதான். அபூர்வமாக வரும் சிக்கலான ஆணைகளுக்காக அடிக்கடி வரும் எளிய ஆணைகளும் தாமதத்தைச் சுமக்கின்றன.

நாசி கண்டார் கடை வரிசையை நினைச்சுப் பாருங்க. சோறு, குழம்பு, கறி எல்லாம் தனித்தனியாகத் தயாராக இருக்கிறது; ஒவ்வொன்றும் ஒரே அகப்பை. வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு பெரிய ஐட்டம் அடுப்பில் ஏற்றினால்? பின்னால் நிற்பவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

கோக்கின் வாதம் இன்னும் ஒரு படி மேலே போனது. சிக்கலான ஆணைகள் எதற்காக வந்தன? மனிதர்கள் கையால் எழுதும்போது வசதியாக இருக்கட்டும் என்று. இப்போது எழுதுவது கம்பைலர்தானே! அதற்கு அலுப்பே கிடையாது. எளிய ஆணைகளைக் கொடுத்தால் எந்த வரிசையில் அடுக்கினால் வேகம் கிடைக்கும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஆகவே வன்பொருளைச் சின்னதாக்கி, புத்திசாலித்தனத்தைக் கம்பைலருக்கு மாற்றிவிடலாம். ரிஸ்க் என்றால் ஆணைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்தில் அதன் உயிர் இந்த வேலைப் பங்கீட்டில்தான் இருக்கிறது. கம்பைலர் தெரியாத ஒரு வன்பொருள் நிபுணருக்கு இந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தொலைபேசி இணைப்பகத் திட்டம் நடக்கவில்லை. ஆனால் யோசனை தங்கிவிட்டது. 1975ல் அதைப் பொதுவான கணினியாகச் செய்யும் திட்டம் தொடங்கியது. ஜார்ஜ் ராடின் அதை வழிநடத்தினார். பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை போலும். அவர்கள் வேலை செய்த கட்டடத்தின் எண் 801, கணினிக்கும் 801 என்றே பெயர் வந்தது.

801ல் மைக்ரோகோட் கிடையாது. பெரும்பாலும் ஒரு ஆணைக்கு ஒரு சுழற்சி. நினைவகத்தைத் தொடுவது எடு, வை என்ற இரண்டு வகை ஆணைகள் மட்டும், மற்றதெல்லாம் ரிஜிஸ்டருக்குள். ஆணைகளுக்கு ஒரு கேஷ், தரவுக்கு ஒரு கேஷ் என்று தனித்தனியே. தாவும் ஆணை வந்தால் புதிய இடத்திலிருந்து ஆணை வந்துசேரும் வரை செயலி சும்மா நிற்குமே, அந்த இடைவெளியில் பயனுள்ள வேறொரு ஆணையைக் கம்பைலர் செருகிவைக்கும். சோதனைக் கணினி வினாடிக்குச் சுமார் 15 மில்லியன் ஆணைகளை ஓட்டியது.

இன்னொரு வேடிக்கை. 801க்காக எழுதிய பிஎல்.8 கம்பைலரை ஐபிஎம்மின் பழைய 370 கணினிக்கும் திருப்பிவிட்டார்கள். அந்தக் கணினியின் சிக்கலான ஆணைகளை ஒதுக்கிவிட்டு எளியவற்றை மட்டும் பயன்படுத்தியது கம்பைலர். அந்தப் பழைய கணினியில் நிரல்கள் முன்பைவிட வேகமாக ஓடின!

வீட்டில் வைத்துப் பூட்டிய பொருள்

இப்படி ஒன்று கையில் இருந்தால் எந்த நிறுவனமும் உடனே விற்கும் என்றுதான் நினைப்போம். ஐபிஎம் விற்கவில்லை.

காரணம் புரியாததல்ல. ஐபிஎம்மின் வருமானத்தின் முதுகெலும்பு சிஸ்டம் 370. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசாங்கங்கள் எல்லாம் அதற்காக எழுதிய நிரல்களில்தான் ஓடின. 801 அவற்றை ஓட்டாது. தன்னுடைய சொந்தச் சரக்குக்கே போட்டியாக ஒன்றை எதற்குச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும்? 801 பற்றி வெளியுலகம் விரிவாகப் படிக்க 1982 வரை ஆனது.

அதற்குள் மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சனும் கார்லோ செக்கினும் 1980ல் இதே திசையில் கிளம்பினார்கள். ரிஸ்க் என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். பக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸி 1981ல் மிப்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். லின் கான்வேயும் மீடும் கற்றுக்கொடுத்த சில்லு வடிவமைப்பு முறை இங்கேதான் திரும்ப வருகிறது. அது இருந்ததால்தான் பெர்க்லி மாணவர்கள் சுமார் 44,000 டிரான்சிஸ்டர்களில் ஒரு முழுச் செயலியைச் செய்ய முடிந்தது. ஐபிஎம் துரத்திவிட்டவருடைய முறையில், ஐபிஎம் பூட்டிவைத்த யோசனையின் பங்காளி பிறந்தது என்று சொல்லலாம்.

பெர்க்லி ஆய்வுகள் சன் நிறுவனத்தின் ஸ்பார்க் சர்வர்களுக்கு வழிவிட்டன. இங்கிலாந்தில் ஏகார்ன் என்ற சின்ன நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அதே ஆய்வுகளைப் படித்துவிட்டு 1985ல் முதல் ஆர்ம் சில்லை ஓட்டினார்கள். 2025 மார்ச்சில் மலேசிய அரசாங்கம் 10 ஆண்டுகளுக்கு 250 மில்லியன் அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டதே, அந்த ஆர்ம்தான். ஐபிஎம்மில் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் உயர்பதவியில் இருந்த ஜோயல் பிர்ன்பாம், 1980ல் ஹியூலட் பேக்கர்டுக்குப் போய் அங்கே அவர்களுடைய சொந்த ரிஸ்க் சர்வர் வரிசைக்கு வித்திட்டார்.

ஐபிஎம் வெளியிட்ட முதல் ரிஸ்க் கணினி 1986ல் வந்த ஆர்டி பிசி. சுருக்கமாகச் சொன்னால், அது எடுபடவில்லை. முதலில் யோசித்தவர்கள் சந்தைக்குத் தாமதமாக, அதுவும் மெதுவான ஒரு கணினியோடு வந்தார்கள்.

பவர்

கோக் இதற்குள் அடுத்ததைப் பிடித்திருந்தார். ஒரு சுழற்சிக்கு ஒரு ஆணை என்பதோடு ஏன் நிற்க வேண்டும்? ஏசிஎஸ் காலத்துப் பழைய கனவை எளிய ஆணைகளோடு சேர்த்தால் ஒரே சுழற்சியில் பல ஆணைகளை ஓட்டலாமே. இதற்கு சூப்பர்ஸ்கேலர் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது திலக் அகர்வாலாவும் கோக்கும் 1987ல் எழுதிய ஐபிஎம் அறிக்கையின் மூலம்.

டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் அது சர்வராக உருவெடுத்தது. 1990 பிப்ரவரியில் ஆர்எஸ்/6000 வந்தது. உள்ளே பவர் என்ற புதிய கட்டமைப்பு. தாவல்களுக்கு ஒரு பிரிவு, முழு எண்களுக்கு ஒன்று, தசம எண்களுக்கு ஒன்று. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடி, ஒரு சுழற்சிக்கு நான்கு ஆணைகள் வரை அனுப்பும். பெருக்குவதையும் கூட்டுவதையும் ஒரே ஆணையாக இணைத்தது அதன் இன்னொரு பலம். இன்றைய ஏஐ சில்லுகள் பெரும்பாலும் செய்துகொண்டிருப்பதும் இந்தப் பெருக்கிக் கூட்டும் வேலையைத்தான். இந்தமுறை வாடிக்கையாளர்கள் வாங்கினார்கள். ஸ்ட்ரெச்சிலிருந்து எண்ணினால் கோக் இதற்காகக் காத்திருந்தது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்.

வணிக சர்வர்களுக்கு அதைவிட முக்கியமான நாள் 1995ல் வந்தது. நடுத்தர நிறுவனங்கள் சம்பளம், சரக்கு, கணக்கு எல்லாவற்றுக்கும் நம்பியிருந்த ஏஎஸ்/400 கணினிகளை ஐபிஎம் பழைய செயலியிலிருந்து 64 பிட் பவர்பிசி வகைக்கு மாற்றியது. நிரல்களுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் ஏற்கெனவே ஓர் இடைத்தளம் இருந்ததால் வாடிக்கையாளர்கள் தங்கள் நிரல்களைத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. புதிய கணினியே அவற்றை மொழிபெயர்த்துக்கொண்டது. 801ஐ ஒருகாலத்தில் முடக்கிப்போட்ட பயம் இதுதானே, பழைய நிரல் ஓடாதே என்பது. கடைசியில் அதைத் தீர்த்ததும் ஒரு மொழிபெயர்ப்பு வேலைதான்.

1997ல் சதுரங்க உலக வெற்றியாளர் கேரி கேஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூவும் ஓர் ஆர்எஸ்/6000 வகைக் கணினியே. அதில் 480 சிறப்புச் சதுரங்கச் சில்லுகளும் இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி ஆண்டுகள்

விருதுகளுக்குக் குறைவில்லை. 1972ல் ஐபிஎம் ஃபெல்லோ, 1987ல் டூரிங் விருது, 1991ல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், 1994ல் தேசிய அறிவியல் பதக்கம். 1992ல் ஓய்வுபெற்றார்.

ரிஸ்க் யாருடையது என்று கேட்டால் இன்றும் சண்டை வரும். சிலர் 1960களின் சீமோர் கிரே கணினிகளிலேயே அது இருந்தது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அவையும் எளிய ஆணைகளைத்தான் நம்பின. பேட்டர்சனுக்கும் ஹென்னஸிக்கும் 2017ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது; அளந்து நிரூபித்து, பாடப்புத்தகம் எழுதி, உலகத்தையே ஏற்கவைத்தவர்கள் அவர்கள். கோக் அந்த வேலையைச் செய்யவில்லை. எழுதுவதைவிடப் பேசுவதையே விரும்பினார். அவருடைய யோசனைகளில் எத்தனை மற்றவர்களின் கட்டுரைகளுக்குள் போய்ச் சேர்ந்தன என்று யாராலும் இப்போது பிரித்து எடுக்க முடியாது. அவரோ அதற்காக யாரிடமும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

2001 இறுதியில் ஐபிஎம் பவர்4 சில்லை வெளியிட்டது. 174 மில்லியன் டிரான்சிஸ்டர்கள், 1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய வேகம், ஒரே சில்லில் இரண்டு செயலிகள். அப்படி இரண்டு கோர்களைப் பொதுப்பயன்பாட்டுச் சர்வர் சில்லு ஒன்றில் வைத்தவர்களில் ஐபிஎம் முன்னோடி. இன்றைக்குக் கைத்தொலைபேசியிலேயே எட்டு கோர்கள் சாதாரணம். ஜான் கோக் 2002 ஜூலை 16ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் வல்ஹாலா நகரில் காலமானார். அவருக்கு வயது 77.